தெரிந்தது அவருக்கு, உங்களுக்கு அல்ல

சனிக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வீடியோ எல்லா குரூப்புக்கும் போய்விட்டது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெட்டியை இறக்குவதற்கு முன்னால், இறந்தவரின் மனைவியான அந்த அக்காவும் பிள்ளைகளும் பக்கத்தில் நிற்கும்போதே, வெளியூரிலிருந்து வந்த பாஸ்டர் மைக்கைப் பிடித்து, "இவர் எங்கே போவார் என்று உலகத்தோற்றத்துக்கு முன்பே தேவன் அறிந்திருந்தார். கோபாக்கினைப் பாத்திரத்துக்காக அழுது பயனில்லை" என்கிறார். அதாவது, தேவன் கோபத்துக்கென்றே ஒதுக்கிவைத்தவராம். குடித்துச் செத்தவர்தான். ஊருக்கே தெரியும். அதற்காக?

நான் சொல்ல வருவது ஒன்றுதான். தேவனுக்குத் தெரியும் என்பதால் பாஸ்டருக்கும் தெரியும் என்று ஆகிவிடாது. முன்னறிவு தேவனுடையது. மைக்செட்டோடு சேர்த்து அதையும் வாடகைக்கு எடுத்து வர முடியாது.

உடனே "ரோமர் 9 படித்தீர்களா பிரதர்?" என்று வருவார்கள். பைபிளில் பவுல் எழுதிய ரோமர் நிருபம், 9ஆம் அதிகாரம்; பாஸ்டர் சொன்ன "பாத்திரம்" அங்கிருந்து வந்ததுதான். படித்திருக்கிறேன் பிரதர். யாக்கோபு, ஏசா, பார்வோன், குயவன், களிமண் எல்லாம் தெரியும். நீங்கள் "யாக்கோபைச் சிநேகித்து, ஏசாவை வெறுத்தேன்" என்கிற 13ஆம் வசனத்தில் தொடங்குகிறீர்கள், நான் 2ஆம் வசனத்திலேயே தொடங்குகிறேன். அங்கே பவுல் தன் ஜனத்துக்காக இடைவிடாமல் மனம் வேகிறது என்கிறார். அவர்களுக்காகத் தானே சபிக்கப்பட்டவனாகப் போகவும் தயார் என்கிறார். அழுதுகொண்டே எழுதிய அதிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு அழுகிறவர்களை அதட்டுகிறீர்களே, நியாயமா? 11ஆம் அதிகாரம் வரை பொறுமையாகப் போயிருந்தால், எல்லார்மேலும் இரக்கமாயிருக்கத்தான் எல்லாரையும் கீழ்ப்படியாமைக்குள் அடைத்துப்போட்டார் என்று இருக்கும். அடுத்த வசனத்திலேயே அவருடைய நியாயத்தீர்ப்புகள் அளவிடப்படாதவைகள் என்றும் இருக்கும். பவுலுக்கே அளக்க வரவில்லை. அந்தப் பாஸ்டர் டேப் வைத்து அளந்துவிட்டார்.

"அப்படியானால் தேவனுக்கு எதிர்காலம் தெரியாதா?" நான் எப்போது அப்படிச் சொன்னேன்? தெரியும். ஆனால் தெரிந்திருப்பது வேறு, செய்ய வைப்பது வேறு. காட்பாடி மேம்பாலத்தில் நின்று பார்க்கிறவனுக்கு கீழே எந்த ரயில் எந்த லைனில் போகிறது என்று தெரியும். அவனா வண்டியை ஓட்டுகிறான்? தண்டவாளம் போட்டவரும் தேவன்தானே என்று கேட்பீர்கள். கேளுங்கள், அது நல்ல கேள்விதான். சபைப் பிதா அகஸ்டின் காலத்திலிருந்து, ஆயிரத்து அறுநூறு வருஷமாக முட்டி மோதிக்கொண்டிருக்கிற கேள்வி. ஆனால் அதைக் கேட்கிற இடம் சவக்குழி ஓரம் இல்லை.

இன்பாக்ஸில் ஒரு தம்பி என்னை "ஆர்மீனியன்" என்று திட்டியிருக்கிறார். நான் வேலூர் சத்துவாச்சாரிக்காரன் தம்பி. ஆர்மீனியஸ், தேவ கிருபையை மனுஷன் மறுக்க முடியும் என்று போதித்த டச்சுக்காரர், 1609இல் இறந்துபோனவர். அவர் பக்கம் பேசியவர்களைக் கண்டித்து ஹாலந்தில் டார்ட் பட்டணத்தில் 1618-19இல் சங்கம் கூடி, இரட்சிப்புக்கென்று தேவன் சிலரை முன்பே தெரிந்தெடுக்கிறார் என்கிற "தெரிந்துகொள்ளுதலை"ப் பற்றிச் சட்டம்போல எழுதி வைத்தார்கள். அந்த டார்ட் தீர்மானங்களை விசுவாச அறிக்கையாக வைத்திருந்த அமெரிக்க டச்சு சபைதான் 1853இல் இங்கே ஆற்காடு மிஷன் தொடங்கியது. மிஷனரிகளான ஸ்கடர் குடும்பம் வந்தது அந்தச் சபையிலிருந்துதான். ஆக, நம் பாட்டிமார் பலருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததே உங்கள் கட்சிதான். டார்ட் பக்கம் நிற்கிற கால்வின் வழியார்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் குடும்பத்து டாக்டர் ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கினாரே, நீ தெரிந்துகொள்ளப்பட்டவளா என்று விசாரித்துவிட்டா மருந்து கொடுத்தார்?

அந்த அம்மாவே இந்த ஊர்ப்பக்கம் ஊழியத்துக்கு வரமாட்டேன் என்று இருந்தவர். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று வீட்டுப் பெண்கள் பிரசவத்தில் செத்ததும் மனம் மாறினார். அது அவர் எடுத்த முடிவா, முன்குறிக்கப்பட்டதா? இரண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று பெண்கள் செத்ததும் திட்டத்தில் ஒரு வரிதான் என்று யாராவது சொன்னால் எனக்கு வயிறு எரியும்.

என் அப்பா ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்தவர். முதலில் நாற்றம் மறக்கக் குடித்தார், அப்புறம் குடிக்கவே குடித்தார். கோவிலுக்குக் கிறிஸ்துமஸ் அன்று மட்டும் வந்து செருப்பு விடுகிற இடத்தில் நிற்பார். ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் அம்மாவை ஜெபம் பண்ணச் சொன்னார். அம்மா பண்ணினார். முடிவில் அப்பா "ஆமென்" சொன்னாரா இல்லையா என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் இன்றுவரை சண்டை. அம்மாவுக்குக் கேட்டதாம். எனக்குக் கேட்கவில்லை. அடக்கத்தன்று உறவில் ஒரு பெரியவர் அம்மா காதுபட, "இரட்சிப்பில்லாத சாவு" என்றார். அதற்கப்புறம் வெகுநாள் அம்மா திருவிருந்து எடுக்கப் போகவில்லை. சிலுவையில் தொங்கிய கள்ளன் எத்தனை ஞாயிறு ஆராதனைக்குப் போனான் என்று அந்தப் பெரியவரைக் கேட்டிருக்க வேண்டும். எனக்கு அப்போது வாய் வரவில்லை.

"உபதேசத்தைச் சொல்லாமல் மழுப்பச் சொல்கிறீர்களா?" இல்லை. இங்கிலாந்துப் பிரசங்கிகளான வெஸ்லியும் ஒயிட்ஃபீல்டும் இதே முன்குறித்தலுக்காகப் பகிரங்கமாக மோதிக்கொண்டவர்கள். 1739இல் வெஸ்லி அதற்கு எதிராகப் பிரசங்கமே செய்தார். 1770இல் ஒயிட்ஃபீல்ட் இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவரும் அதே வெஸ்லிதான். அன்றைக்கு அந்தச் சண்டையை அவர் கிளறவில்லை. இங்கே எதிராளிகூட இல்லை, புருஷனைப் பறிகொடுத்த ஒரு பொம்பளை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபப்படுவீர்கள். காசுள்ள வீட்டிலும் குடித்துச் சாகிறார்கள். அவர்களுக்கு மட்டும் போஸ்டரில் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்", பிரசங்கத்தில் "தாராள மனசுக்காரர்". அங்கே எந்தப் பாஸ்டருக்கும் கோபாக்கினைப் பாத்திரம் கண்ணில் படுவதில்லை. உலகத்தோற்றத்துக்கு முன்னே தேவன் காணிக்கைக் கவரையும் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாரா? தவறாகச் சொல்கிறேன் என்றால் ஒரே ஒரு பணக்கார வீட்டு அடக்கத்தைக் காட்டுங்கள், பதிவை எடுத்துவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டில் ஆறுதல் கூட்டம். நம் ஆயர்தான் நடத்துகிறார். செய்தி கொடுக்க வேறு யாரையும் கூட்டி வர வேண்டாம் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ரோமர் 9 பேசியே ஆக வேண்டும் என்கிறவர்கள் என் வீட்டுக்கு வாருங்கள், டீ போட்டுத் தருகிறேன், விடிய விடியப் பேசலாம். அங்கே போகாதீர்கள்.