லீற்றருக்கு எத்தனை ஓடும்?

கார் வாங்கப் போகிற ஆரைக் கண்டாலும் முதல் கேள்வி இதுதான். இந்தக் கேள்விதான் எங்கட சனத்தைத் தேவையில்லாத கடனுக்குள் தள்ளுது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒருக்கால் கணக்குப் பாருங்கோ. ஒருவர் லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடுகிற பழைய வானை விட்டு 10 ஓடுகிறதுக்கு மாறுகிறார். இன்னொருவர் 20 ஓடுகிற சின்னப் பெற்றோல் காரை வித்துப்போட்டு 25 ஓடுகிற, பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்த ஹைபிரிட் எடுக்கிறார். கேட்டால் இரண்டாமவர்தான் கெட்டிக்காரர் போலத் தெரியும். 100 கிலோமீற்றருக்குப் பாருங்கோ: வான்காரருக்குப் பன்னிரண்டரை லீற்றர் பத்தாகுது, இரண்டரை லீற்றர் மிச்சம். மற்றவருக்கு ஐந்து நாலாகுது, மிச்சம் ஒரேயொரு லீற்றர். அதுக்காகத்தான் லட்சக்கணக்கில் லீசிங் போட்டு வட்டி கட்டுகிறார். ஜேர்மனியிலும் சுவிசிலும் இருக்கிற எங்கட சொந்தங்கள் "நூறுக்கு ஆறு லீற்றர்" என்று சொல்லுவினம். அந்தக் கணக்கை நாங்களும் பழகவேணும்.

ஹைபிரிட் கெட்டது என்று சொல்லவரவில்லை. பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியைப் பற்றரிக்குத் திருப்பி எடுக்கும், நெரிசலில் நிற்கும்போது எஞ்சினை நிற்பாட்டும். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் நாள் முழுக்க நின்று நின்று ஓடுகிறவருக்கு அது நல்ல இலாபம். ஆனால் ஆனையிறவு தாண்டி ஏ9 வீதியில் ஒரே வேகத்தில் போகிறவருக்குப் பிரேக் பிடிக்கிற வேலையே குறைவு, அந்த இலாபமும் சுருங்கிவிடும். டொயோட்டா அக்குவா ஹைபிரிட்டுக்கு ஜப்பான் விளம்பரத்தில் போட்ட லீற்றருக்கு 37 கிலோமீற்றர் ஆய்வுகூடச் சோதனையில் வந்த எண். ஏசி போட்டுக்கொண்டு எங்கட வெயிலில் அதை எதிர்பார்க்கக்கூடாது.

மின்சாரக் காருக்கு 100 கிலோமீற்றர் ஓட ஏறக்குறைய 15 யூனிற் (கிலோவாட் மணி) மின்சாரம் போதும். ஒரு லீற்றர் பெற்றோலுக்குள் இருக்கிற சக்தி கிட்டத்தட்ட 9 யூனிற். அப்படியென்றால் இது இரண்டு லீற்றருக்கும் குறைவான சக்தி! பெற்றோல் எஞ்சினில் பெரும்பகுதி சூடாகவே வெளியே போய்விடுகிறது, மோட்டரில் அந்த இழப்பு மிகக் குறைவு. ஆனால் வீட்டுக் கரண்ட் பில்லில் யூனிற் கூடக் கூட ஒரு யூனிற்றின் விலையும் ஏறும் என்பதை மறக்கவேண்டாம். கூரையில் சோலார் போட்டுப் பகலில் சார்ஜ் பண்ணக்கூடியவருக்கு இதைவிட மலிவான ஓட்டம் கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போய்வர 70 கிலோமீற்றர்கூட இல்லை.

பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் வாங்குகிறவர்கள் மட்டும் மிகக் கவனம். அதன் பற்றரியைக் குளிர்விக்கத் திரவம் ஓடுகிற ஏற்பாடு இல்லை, சூடான நாடுகளில் கொள்ளளவு வேகமாகக் குறையும். புதிதில் மீற்றரில் பற்றரியின் கொள்ளளவைக் காட்ட 12 கட்டம் இருக்கும். எத்தனை மிஞ்சியிருக்கு என்று பார்க்காமல் அட்வான்ஸ் குடுக்காதேங்கோ.

தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. 2022 தட்டுப்பாட்டில் எரிபொருள் பங்கீட்டுக் கியூஆர் கோட்டோடு வரிசையில் நின்று, கிழமைக்கு 20 லீற்றரோடு காரை ஓட்டினோம். எரிபொருளின் அருமையை எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அதனால்தான் அரசாங்கத்தைக் கேட்கிறேன். வரிச்சலுகையோ குறைந்த வட்டிக் கடனோ குடுப்பதென்றால், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏத்துகிற வானுக்கும் திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி கொண்டுவருகிற வாகனத்துக்கும் முதலில் குடுங்கோ. 8 ஓடுவது 12 ஆனால் ஒவ்வொரு நூறு கிலோமீற்றருக்கும் நாலு லீற்றருக்கு மேல் மிஞ்சும்.