‘அந்தப் பக்கம்’ குடியிருப்பவள் எழுதுவது

சனிக்கிழமை இரவு இங்கே எழுதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே நீக்கிவிட்ட அந்த நான்கு வரிகளைப் படித்தவர்களுக்கு விஷயம் இன்னதென்று தெரியும். படிக்காதவர்களுக்கு முழுக் கதையையும் சொல்லும் உத்தேசம் எனக்கு இல்லை. வரவேற்புப் பந்தியில், இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இருபது பேர் காதிலும் விழும்படி, நெருங்கிய உறவினர் ஒருவர் என்னிடம், “பெண் குழந்தையையும் வயதான அம்மாவையும் வைத்துக்கொண்டு யாராவது அந்தப் பக்கம் போய்க் குடியிருப்பார்களா? குடும்பத்துக்கு ஏற்ற இடமாகப் பார்த்திருக்கலாமே” என்று கேட்டார். நான் இலையில் இருந்த பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டிய பதில், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் நினைவுக்கு வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த முறை நீக்கப் போவதில்லை.

அவர் ‘அந்தப் பக்கம்’ என்று கையை வீசிக் காட்டிய இடத்துக்குச் சிட்லபாக்கம் என்று பெயர். குரோம்பேட்டைக்கும் தாம்பரம் சானடோரியத்துக்கும் கிழக்கே இருக்கிறது. அவர் குடியிருப்பது நாவலூரில், பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி, நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் உள்ள ஓர் உயர்ந்த வளாகத்தில். 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோதுகூட அந்தச் சாலையில் அதன் எல்லை செம்மஞ்சேரியோடு நின்றுவிட்டது. நாவலூர் உள்ளே வரவில்லை. சிட்லபாக்கமோ 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தது. ஆகவே அரசாங்கத்தின் கணக்கில் அவரும் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர், நானும் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரி. உறவினர் கூட்டத்தில் மட்டும் அவர் சென்னையில் இருக்கிறார், நான் ஊரை விட்டுப் போய்விட்டேன்.

சரி, குடும்பத்துக்கு ஏற்ற இடம் என்றால் என்ன? விளம்பரத் தாள்களில் அந்தச் சொற்களுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரே படம்தான் இருக்கிறது: இளம் கணவன், இளம் மனைவி, பலூன் பிடித்த குழந்தை. அந்தப் படத்தில் பாட்டியை நான் பார்த்ததில்லை. முழங்கால் வலிக்கிறவர்களையும், கார் ஓட்டத் தெரியாதவர்களையும், செயலியில் வண்டி அழைக்கத் தெரியாதவர்களையும் பார்த்ததில்லை. என்னிடம் ஒரே ஓர் அளவுகோல்தான் இருக்கிறது. வீட்டில் இருப்பவர்களிலேயே மிகச் சிறியவரும் மிக மூத்தவரும், என்னையோ என் கணவரையோ எதிர்பார்க்காமல், வாசற்படி தாண்டித் தங்கள் வேலையாகப் போய்த் திரும்பி வர முடிகிறதா? முடிந்தால் அது குடும்பத்துக்கு ஏற்ற இடம். முடியாவிட்டால் அது வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஏற்ற இடம். மற்றவர்கள் அங்கே உடன் வைக்கப்பட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நாங்கள் திருவல்லிக்கேணியை விரும்பி விட்டு வரவில்லை. முப்பத்தோரு ஆண்டுகள் குடியிருந்த வீட்டை இடித்துக் கட்டப் போவதாக வீட்டுக்காரர் சொன்னார். அவர்மேல் குற்றமில்லை, கூரை உண்மையிலேயே ஒழுகிக்கொண்டிருந்தது. அங்கே அம்மா காலையில் பார்த்தசாரதி கோயிலுக்குப் போய்விட்டு, வழியில் நான்கு பேரிடம் பேசிவிட்டு, கையில் கீரைக் கட்டோடு திரும்புவார். அந்த ஒரு மணி நேரத்தில் அவருக்கு யார் தயவும் தேவைப்பட்டதில்லை. அதே வாடகைக்கு நகரத்துக்குள் கிடைத்தவையெல்லாம் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிகள். அதனால் புறநகர்.

ஆறு மாதம் தேடினோம். நான் தேடிய முறையைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று முறை போனேன்: வேலை நாளில் காலை எட்டு மணிக்கு ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு ஒருமுறை, ஐப்பசி மழை கொட்டும்போது ஒருமுறை. தரகரிடம் கேட்டதைவிட இஸ்திரி வண்டிக்காரரிடமும் ஆட்டோ ஸ்டாண்டிலும் அதிகம் கேட்டேன். தெருவில் மின்சாரப் பெட்டியை எத்தனை அடி உயரத்து மேடையில் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். எந்த வீடுகளில் புதிதாகப் படிகள் கூட்டியிருக்கிறார்கள், எந்த வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தேன்; தெருவின் மழைக்கால வரலாறு அந்தப் படிகளில் எழுதியிருக்கும். ஊர்ப் பெயரைக் கூடக் கவனித்தேன். தாங்கல் என்று முடிந்தால் அங்கே ஒரு காலத்தில் நீர்நிலை இருந்தது என்று பொருள். (அதற்காகப் பழவந்தாங்கலில் யாரும் இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை; என் சின்ன அத்தை அங்கேதான் சௌக்கியமாக இருக்கிறார்.) முடிச்சூரில் மிக நல்ல வீடு ஒன்று எங்கள் கைக்கெட்டும் விலைக்கு வந்தது. 2015 டிசம்பரில் அடையாறு அந்தப் பகுதியையும் வரதராஜபுரத்தையும் என்ன செய்தது என்பதை மறக்க முடியாமல் விட்டுவிட்டோம்.

வாங்கிய வீட்டுக்கு முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று எடுத்தேன். சர்வே எண்ணை வைத்து அது நீர்நிலைப் புறம்போக்கு இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். இவ்வளவும் செய்த ஒருத்தியிடம்தான், இலையில் அப்பளம் விழுவதற்குள், “பார்த்திருக்கலாமே” என்று சொல்கிறார்கள்.

இப்போது நாவலூருக்கு வருகிறேன். வீடு கிடைக்கும்வரை அம்மா நான்கு மாதம் அங்கே, அந்த உறவினர் வீட்டில்தான் இருந்தார். யாரும் அவரைக் குறைவாக நடத்தவில்லை. தனி அறை, ஏசி, பெரிய தொலைக்காட்சி எல்லாம் இருந்தன. ஆனால் வளாகத்தின் வாசலுக்கு வெளியே இருந்தது ஆறு வழிச் சாலை. அதன் நடுவே மெட்ரோ வேலைக்கான தடுப்புகள். எதிர்ப்புறத்துக் கடைக்குப் போவதென்றால் எங்கே வளைந்து எப்படிக் கடப்பது என்று எனக்கே தெரியவில்லை. முதல் வாரம் அம்மா தனியாக வாசல்வரை போனார். காவலாளி மிக மரியாதையாக, “எங்கே போகணும்மா, வண்டி சொல்லட்டுமா?” என்று கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை, சும்மா தெருவைப் பார்க்க வேண்டியிருந்தது. திரும்பிவிட்டார். நான்காவது மாதம் நான் போனபோது, கறிவேப்பிலைகூடப் பையன் கொண்டுவந்து கதவில் மாட்டிவிட்டுப் போகிறான் என்று சொன்னார். சொன்ன விதத்தில் அது வசதியைப் பற்றிய பேச்சாக எனக்குப் படவில்லை.

இனி சிட்லபாக்கத்துக்கு வருகிறேன். என் மகளுக்குப் பத்து வயது. சில்லறையை எண்ணிக்கொடுத்தால் தெருமுனைக் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிறாள்; முதல் நாள் நான் மாடியிலிருந்து ஒளிந்து பார்த்தேன் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. அம்மா காலையில் ஏரிக்கரையில் நடக்கிறார். முழங்காலுக்காகச் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குத் தானே போய், வரிசையில் நின்று, தைலப் புட்டியோடும் இரண்டு புதிய சிநேகிதிகளோடும் திரும்பி வருகிறார். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் பல்லாவரம் வரை போய் வெள்ளிக்கிழமைச் சந்தையைச் சுற்றிவிட்டு வந்தார். நான் கோபித்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கு இருந்தது கோபமில்லை. எனக்கோ, 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிற பாதை வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. நுங்கம்பாக்கத்து அலுவலகத்துக்கு ஒரே ரயில்.

உடனே வெள்ளத்தைக் கேட்பீர்கள் என்று தெரியும். ஆம், 2015-இல் சிட்லபாக்கத்திலும் தண்ணீர் நின்றது. எங்கள் எதிர்வீட்டு மாமா சுவரில் அதன் கோட்டை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறார், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். நான் மறுக்கவில்லை. ஆனால் அதே டிசம்பரில் நகரத்துக்கு உள்ளே இருக்கும் சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் ஜாபர்கான்பேட்டையும் மூழ்கவில்லையா? 2023-இல் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் நாள் கணக்கில் தண்ணீர் வடியாமல் படகில் ஆட்களை மீட்கவில்லையா? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுருக்கிச் சுருக்கிக் கட்டிவிட்டு, மிச்சமிருப்பதற்கு 2022-இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்ததும் பெருமைப்பட்டுக்கொண்டோம். அந்தச் சதுப்பு நிலத்தை ஒட்டிப் போகும் சாலையில் குடியிருப்பவர் ஏரிக்கரைக்காரியைப் பார்த்து வெள்ளத்தைப் பற்றிப் பேசுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தண்ணீர் என்று வந்துவிட்டதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: மழைக்காலத்தில் என் தெருவில் நிற்பதாக அவர் சொல்லும் தண்ணீர், கோடையில் அவர் வளாகத்துக்கு லாரியில் வருகிறது. 2019 கோடையில் அவர் வீட்டார் குளிக்க எங்கே வந்தார்கள் என்பதை அவர்களே நினைவுபடுத்திக்கொள்ளட்டும். அப்போது நாங்கள் திருவல்லிக்கேணியில் அடிபம்பு அடித்துக்கொண்டிருந்தோம்.

பள்ளிக்கூடம் பற்றிச் சொல்வார்கள். அந்தச் சாலையில் பெரிய பெயருள்ள பள்ளிகள் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். என் மகள் படிப்பது சாதாரணப் பள்ளி, நடந்து போகிறாள். ஒரு மணி நேரம் வேனில் தூங்கி வழிகிற குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். இதற்குமேல் இதில் வாதிட எனக்கு விருப்பமில்லை.

பாதுகாப்பு? கதவும் கேமராவும் காவலாளியும் வேண்டும் என்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும். போன மாதம் அம்மா தெருவில் தலைசுற்றி உட்கார்ந்தபோது, எனக்குத் தொலைபேசி வருவதற்கு முன்பே பூக்காரம்மா சோடா வாங்கிக் கொடுத்து, நாற்காலி போட்டு, வீடுவரை கொண்டுவந்து விட்டுவிட்டார். இதற்கு எந்தப் பராமரிப்புக் கட்டணமும் நாங்கள் செலுத்துவதில்லை.

இங்கே எல்லாம் சொர்க்கம் என்றும் சொல்ல மாட்டேன். பள்ளம் தோண்டினால் மூடுவதற்கு மாதங்கள் ஆகின்றன. ஆழ்குழாய்த் தண்ணீரில் இரும்புச் சத்து அதிகம், வெள்ளை வேட்டி ஆறே மாதத்தில் காவியாகிவிடுகிறது. குடிக்க கேன் தண்ணீர்தான். தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் ஜிஎஸ்டி நெடுஞ்சாலையின் மாலை நேர நெரிசலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது. நாய்த் தொல்லை உண்டு. இவை இருந்தும் அம்மா வாசற்படி தாண்டிப் போய்த் திரும்பி வருகிறார். நான் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன் என்பதைத்தான் மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

“வசதி இருந்திருந்தால் நீயும் அங்கேதானே வாங்கியிருப்பாய்” என்று இன்னொருவர் சாம்பார் ஊற்றும்போது சொன்னார். இல்லை என்று உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் வசதி இல்லை என்பது உண்மை. இருபது ஆண்டுக் கடன் வாங்கி, வளையலை அடகு வைத்து வாங்கிய வீடு இது. எண்ணூற்று எண்பது சதுர அடி, பழைய கட்டடம், கார் நிறுத்த இடமில்லை, நிறுத்தக் காரும் இல்லை. ஆனால் இல்லாதவர்கள் எடுக்கிற முடிவெல்லாம் இல்லாமையால் மட்டுமே எடுக்கப்பட்டது என்று எப்படி அவ்வளவு சுலபமாக நினைத்துவிடுகிறார்கள்? அவர்கள் இடம் தேர்ந்தெடுத்தால் அது ரசனை. நாங்கள் தேர்ந்தெடுத்தால் அது விதி.

அண்ணன் இதைப் படிப்பார் என்று எனக்குத் தெரியும். ஆம், உறவினர் என்று மேலே எழுதியது அண்ணனைத்தான்; தெரிந்தவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், தெரியாதவர்களிடம் மறைத்தும் இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. பந்தியில் அம்மா எனக்கு இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்தார். ‘வயதான அம்மாவை வைத்துக்கொண்டு’ என்று அண்ணன் சொன்னபோது அவர் தலை நிமிரவில்லை. வைத்துக்கொள்ளப்படுகிற பொருளாகத் தன்னைப் பற்றி இருபது பேர் நடுவில் பேசப்பட்டது அவருக்குக் கேட்டிருக்கும். இரவில் ரயிலில் வரும்போது, “அவன் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதே, இங்கே வந்து பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான்” என்றார்.

அதுதான் விஷயம். நாங்கள் குடிவந்து பதினான்கு மாதம் ஆகிறது. கிரகப்பிரவேசத்துக்கு அண்ணன் வந்து அரை மணி நேரம் இருந்தார். அதன்பின் நாவலூரிலிருந்து மகாபலிபுரத்துக்கும் ஏற்காட்டுக்கும் அவர் கார் போயிருக்கிறது. படங்களுக்கு நானும் விருப்பக்குறி இட்டிருக்கிறேன். சிட்லபாக்கம் மட்டும் தூரம்.

அண்ணா, மேடவாக்கம் வழியாக வந்தால் வெயில் ஏறுவதற்கு முன் வந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். அம்மா அன்று எட்டு மணிக்கெல்லாம் பூக்காரம்மாவோடு கோயிலுக்குக் கிளம்பிவிடுவார், சொல்லாமல் வந்தால் வீட்டில் இருக்க மாட்டார்.