கவரிங் மெடலும் கவரும்

(பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பழைய பேப்பர் கடை. கடைக்காரர் ஏழுமலை தராசை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறார். ரிட்டையர்டு வரலாற்று வாத்தியார் சபாபதி வருகிறார்.)

ஏழுமலை: வா சார். இன்னா, ஷர்ட்டு மடிப்புலாம் கலையாம கீது? எங்கனா கல்யாணமா?

சபாபதி: ஞாயித்துக்கிழமை விழாப்பா. ஸ்டாம்ப் சேக்கறவங்க சங்கத்துல எனக்கு சால்வை போடறாங்க. சட்டை சரியா இருக்கான்னு போட்டுப் பார்த்தேன், அப்படியே கிளம்பி வந்துட்டேன்.

ஏழுமலை: சால்வையா? இன்னா சார், எலிக்சன்ல நிக்கிறியா?

சபாபதி: தபால் வரலாற்று ஆராய்ச்சிக்குச் செஞ்ச சேவைக்காக.

ஏழுமலை: ஸ்டாம்ப் ஒட்டறதுக்கு சால்வையா! எம்பொண்ணுகூடத்தான் நோட்டு ஃபுல்லா ஒட்டி வெச்சிருக்கு. அதுக்கும் ஒண்ணு சொல்லி வெய்யேன்.

சபாபதி: ஒட்டறதுக்கு இல்லப்பா. சேக்கறவன் ஊர்ல நிறையப் பேர். சேத்ததைப் படிச்சு, அதுல என்ன இருக்குன்னு எழுதி வெக்கறவன் நாலே பேர். மரியாதை அந்த நாலு பேருக்குத்தான். இங்கிலாந்துல 1921லயே இதுக்குன்னு ஒரு பட்டியல் ஆரம்பிச்சாங்க. பெரிய ஆராய்ச்சிக்காரங்க வந்து அதுல கையெழுத்துப் போடணும். மொதல் கையெழுத்து யாரு தெரியுமா? அஞ்சாம் ஜார்ஜ்.

ஏழுமலை: பூக்கடையாண்ட செலயா நிக்கிறாரே, அவுரா?

சபாபதி: அவரேதான்.

ஏழுமலை: ராஜாவே ஸ்டாம்ப் பொறுக்கினு இருந்தாரா!

சபாபதி: பொறுக்கறதா? 1904ல, இளவரசரா இருக்கறப்போ, ஒரே ஒரு மொரீஷியஸ் ஸ்டாம்பை 1450 பவுனுக்கு ஏலத்துல எடுத்தார்.

ஏழுமலை: 1450 பவுனா! சௌகார்பேட்டையே ரெண்டு தபா வாங்கலாமே சார்!

சபாபதி: தங்கப் பவுன் இல்லப்பா, வெள்ளைக்காரன் பவுன். கேளு. அரண்மனை ஆள் ஒருத்தர் அவர்கிட்டயே வந்து, 'எவனோ பைத்தியக்காரன் ஒரு ஸ்டாம்புக்கு 1450 பவுன் குடுத்தானாம், கேள்விப்பட்டீங்களா'ன்னு கேட்டாராம். 'அந்தப் பைத்தியக்காரன் நான்தான்'னாராம் ராஜா. அப்படி ஒரு கதை சொல்லுவாங்க.

ஏழுமலை: உங்க ஊட்டம்மா உன்ன இன்னா சொல்லும்?

சபாபதி: அதே வார்த்தைதான். அரண்மனை மரியாதை மட்டும் இருக்காது.

ஏழுமலை: செரி, நல்ல நேரத்துல வந்த. மண்ணடில, பவளக்காரத் தெருவுல ஒரு பழைய ஊட்ட இடிக்கிறாங்க. அங்கேந்து ஒரு மூட்ட லெட்டரு வந்துச்சி. ரங்கூனு, பினாங்குன்னு அவ்ளோவும் பழசு. உனக்கோசரம் யாருக்கும் காட்டாம வெச்சிருந்தேன்.

சபாபதி: (குரல் நடுங்க) கவரோடவா?

ஏழுமலை: ஏன் கேக்கற. ராத்திரி பூரா குந்திகினு, பக்கெட்டுல தண்ணி புட்ச்சி, ஒவ்வொரு கவரா ஊறப் போட்டு, ஸ்டாம்ப மட்டும் ஓரம் கிளியாம உரிச்சி, ஃபேனாண்ட காய வெச்சி... இந்தா, ஹார்லிக்ஸ் பாட்லு ரொம்பிப் பூட்ச்சு பாரு.

சபாபதி: கவரெல்லாம் எங்கய்யா?

ஏழுமலை: அது ஈரமாப் பூட்ச்சே. காலைல மில்லு லோடுல ஏத்தி அனுப்சிட்டேன்.

(சபாபதி பக்கத்திலிருந்த வாரப் பத்திரிகைக் கட்டின் மேல் தொப்பென்று உட்காருகிறார். சட்டை மடிப்பு போயிற்று.)

ஏழுமலை: இன்னா சார், கவரெல்லாம் ஒரே அழுக்கு. மேல இங்க்கு, ஓரத்துல ஏதோ சீட்டு ஒட்னது, நாலு பக்கமும் ரவுண்டு ரவுண்டா சீலு. உனுக்கு ஸ்டாம்புதான வோணும்?

சபாபதி: அந்த அழுக்குதான்யா வரலாறு! ஸ்டாம்ப் அச்சாபீஸ்லேர்ந்து ஒரே மாதிரிதான் வரும். அது எங்க போச்சு, எப்போ போச்சு, எந்தக் கப்பல்ல போச்சுன்னு கவர்தான் சொல்லும். சிங்கப்பூர்ல 1867 வரைக்கும் நம்ம இந்திய ஸ்டாம்பைத்தான் ஒட்டினாங்க, தெரியுமா? ஸ்டாம்பைப் பார்த்தா கல்கத்தாவா சிங்கப்பூரான்னு யாராலயும் சொல்ல முடியாது. மேல குத்தின முத்திரைல பி 172ன்னு இருந்தா சிங்கப்பூர். பி 147ன்னா பினாங்கு. இப்படி எந்த நம்பர் எந்த ஆபீஸ்னு, பழைய கவரா தேடித் தேடிப் பட்டியல் போட்டாங்க பாரு, அவங்களுக்குத்தான் சால்வை, மெடல் எல்லாம்.

(சார் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டால் நிறுத்த பெல் அடிக்க வேண்டும். ஆனால் இது பேப்பர் கடை.)

ஏழுமலை: அடடா. சீலு பட்ட ஸ்டாம்பெல்லாம் கறையா கீதுன்னு கழிச்சிட்டேனே. இன்னொண்ணு சார், கொஞ்சம் ஸ்டாம்புல ராஜா படத்தாண்டயே எவனோ பர்மான்னு கறுப்புல அட்ச்சி வெச்சிருந்தான். கிறுக்குப் பசங்கன்னு அத்தயும் குப்பைல போட்டுட்டேன்.

சபாபதி: கிறுக்கு இல்லய்யா, கவர்மென்ட்டு! 1937 ஏப்ரல்ல பர்மாவை இந்தியாவுலேர்ந்து தனியாப் பிரிச்சாங்க. அவங்களுக்குன்னு புது ஸ்டாம்ப் வர்றவரைக்கும், நம்ம ஸ்டாம்ப் மேலயே பர்மான்னு அச்சடிச்சு வித்தாங்க.

ஏழுமலை: ஓ! பாகம் பிரிச்சப்போ எங்கண்ணன் அண்டாவுல அவன் பேர வெட்டிகினானே, அந்த மாதிரி.

சபாபதி: அதேதான். இவ்வளவு சட்டுனு என் கிளாஸ்ல ஒரு பையனுக்கும் புரிஞ்சதில்ல.

ஏழுமலை: செரி, போன தபா எக்சிபிசன்ல ஏதோ மெடலு வாங்கினியே, தங்கமா அது?

சபாபதி: வெர்மெயில்.

ஏழுமலை: அப்டின்னா?

சபாபதி: வெள்ளி மேல தங்க முலாம் பூசினது.

ஏழுமலை: கவரிங்கு!

சபாபதி: கவரிங் இல்லப்பா. வெளிநாட்டு எக்சிபிஷன்ல பெரிய தங்கம், தங்கம், பெரிய வெர்மெயில், வெர்மெயில், பெரிய வெள்ளி, வெள்ளி, வெள்ளி-வெண்கலம், வெண்கலம்னு வரிசையா இருக்கு. நம்ம ஊர்லயும் அதே பேர்தான்.

ஏழுமலை: எங்கடைல கூட இத்தினி ரேட்டு கெடையாது சார். எத்த வெச்சி பிரிக்கிறாங்க, எடை போட்டா?

சபாபதி: மார்க்கு. நூத்துக்கு 35 மார்க் அறிவுக்கும் ஆராய்ச்சிக்கும். அழகா ஒட்டி வெச்சதுக்கு வெறும் 5.

ஏழுமலை: அப்ப எம்பொண்ணுக்கு அந்த அஞ்சு கேரண்டி.

(சபாபதி எழுந்திருக்க மேஜையைப் பிடிக்கிறார். தராசு ஆடுகிறது. அதன் அடியில் முட்டுக்கொடுத்த காகிதத்தைப் பார்த்தவர் அப்படியே மண்டி போடுகிறார்.)

சபாபதி: இது என்னய்யா?

ஏழுமலை: அதுவா, தராசு ஆடுச்சின்னு அந்த மூட்டைலேந்து ஒரு கவர மட்ச்சி சொருவினேன்.

சபாபதி: (உருவி எடுத்து, மடிப்பை விரலால் நீவி) மண்ணடிலேர்ந்து ரங்கூன் மொகல் தெருவுக்கு. 1942, பிப்ரவரி. இந்த ஓரத்துல பாரு, பிரிச்சுப் படிச்சுட்டு மறுபடி ஒட்டின சென்சார் சீட்டு. இங்க, ஊதா இங்க்குல... தபால் போக்குவரத்து இல்லை, அனுப்பியவருக்கே திருப்பவும். அடுத்த மாசம் ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போயிடுச்சு. அட்ரஸ்ல இருந்தவருக்கு இது போகவே இல்ல ஏழுமலை.

ஏழுமலை: எங்க தாத்தா சொல்வாரு சார். அந்த வருசம் ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு மெட்ராசே காலியாப் பூட்ச்சாம். எங்காளுங்க மாட்டு வண்டி கட்டிகினு திருவள்ளூர் பக்கம் ஓடினாங்களாம்.

சபாபதி: அதுதான், அதே வருஷம் ஏப்ரல் மாசம். இதை வெச்சு ஒரு கட்டுரையே எழுதலாம்.

ஏழுமலை: எழுதினா இன்னொரு சால்வை போடுவாங்களா?

சபாபதி: போட்டாலும் போடுவாங்க.

ஏழுமலை: (கவரை மெல்லத் திரும்ப வாங்கி) அப்போ இதுக்கு கிலோ ரேட்டு கெடையாது. ஐநூறு ரூபா.

சபாபதி: தராசுக்கு முட்டுக்குடுத்த கவர்யா!

ஏழுமலை: ராஜாவே 1450 பவுனு குட்த்தாரு. நீ தமிழ் வாத்தியார் மாரி ஐநூறுக்கு அழுவற.

சபாபதி: நான் வரலாறு வாத்தியார். பென்சன் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். நூறு வெச்சுக்கோ.

ஏழுமலை: துட்டே வேணாம் சார், வுடு. கட்டுரைல எம்பேரு போடு. 'கவர் கொடுத்து உதவியவர் ஏழுமலை, பழைய பேப்பர் கடை, வண்ணாரப்பேட்டை. பாட்டில், இரும்பு, பித்தளைக்கு நல்ல விலை தரப்படும்.'

சபாபதி: ஆராய்ச்சிக் கட்டுரைல பித்தளை எப்படிய்யா வரும்?

ஏழுமலை: வெர்மெயிலு வருதுல்ல?