பொருளாளர் தனியே காசு எடுக்க முடியாது
தம்பி, விளையாட்டுக் கழகப் பொருளாளர் நினைத்தால் காசைத் தனியே எடுத்துவிடலாம், அதனால் இளம் பெடியளை அந்தப் பதவிக்கு விடக்கூடாது என்று நீங்கள் எழுதியது பிழை. கழகத்தின் பெயரில்தான் கணக்குத் திறப்பது வழமை. தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரில் இருவராவது கையொப்பமிட்டால்தான் காசு எடுக்கலாம் என்று வங்கிக்கு முதலே எழுதிக் கொடுத்துவிடுவார்கள், பிறகு வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் பற்றுச்சீட்டுகளோடு கணக்கும் காட்ட வேண்டும். உண்மையான பாரம் செயலாளருக்குத்தான். கூட்டக் குறிப்பு, பிரதேச செயலகத்துக்குக் கடிதம், விளையாட்டு உத்தியோகத்தரிடம் பதிவு அலுவல், எல்லாம் சம்பளமில்லாமல். அதோடு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தை, மாசியில் வரும் காலபோக நெல் அறுவடை நேரத்தில் நிர்வாகத் தெரிவை வைத்துவிட்டு ஒருவரும் முன்வரவில்லை என்றால் எப்படி? தை, மாசியை விட்டு வேறு மாதத்தில் வையுங்கள், இளம் ஆட்களை நேரே போய்க் கேளுங்கள்.