சில்க் போர்டில் எதற்கு ஸ்போர்ட் மோட்?

மச்சான் காரை ஸ்டார்ட் செய்ததும் முதல் வேலையாக, அதைத் துடிப்பாக ஓடவைக்கும் ஸ்போர்ட் மோடைப் போட்டுவிடுகிறார். போவது எங்கே? பெங்களூரு சில்க் போர்டு சிக்னலுக்கு! முன்னால் பஸ், பக்கத்தில் ஆட்டோ, இடையில் நுழையும் ஸ்கூட்டர். ஆக்சிலரேட்டரில் கால் லேசாகப் பட்டாலே கார் துள்ளுகிறது, உடனே பிரேக். பின்சீட்டில் அத்தை ஜன்னலுக்கு மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குமட்டலில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே வருகிறார்.

பெரும்பாலான கார்களில் இந்த மோட் இன்ஜினுக்குப் புதிதாகப் பலம் எதையும் கூட்டுவதில்லை. மிதித்ததும் சட்டென்று பாயும். தானாகவே கியர் மாற்றும் ஆட்டோமேட்டிக் என்றால் அடுத்த கியருக்குச் சீக்கிரம் போகாமல் உறுமிக்கொண்டே இருக்கும். பெட்ரோல்தான் தண்ணீராகச் செலவாகிறது.

ஓசூர் தாண்டி கிருஷ்ணகிரி ரோட்டில் லாரியை முந்தும்போது போடட்டும், சரி. வயசானவர்களை உட்காரவைத்துக்கொண்டு சில்க் போர்டு பக்கத்து மடிவாளா நெரிசலில் எதற்கு? நார்மல் மோடில் ஓட்டினாலும் அதே சிக்னலில்தானே நிற்கப்போகிறோம்?