மூன்றாம் வரிசை அன்னத்தின் சந்தோஷங்கள்

பாலே நடனம் பற்றிப் பொதுவெளியில் எதைப் படித்தாலும் இரண்டு படங்களில் ஒன்று அதில் இருந்தே தீரும். ஒன்று, வெள்ளை உடையில் மிதந்து வரும் அன்னம். மற்றொன்று, அந்த அன்னத்தின் நகம் பெயர்ந்த கால்விரல்கள். இப்போதெல்லாம் இரண்டாவது படத்துக்குத்தான் மவுசு அதிகம். 'இந்த அழகுக்குப் பின்னால் எவ்வளவு வேதனை பாருங்கள்' என்ற குறிப்போடு அதைப் பகிர்வார்கள். நாமும் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விடுவோம். வலி உண்மைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் சிறுவயதில் தொடங்கி முப்பதுகளின் பிற்பகுதிவரை ஒருவர் நாள்தோறும் செய்யும் வேலையை வலியை மட்டும் வைத்துக்கொண்டு விளக்கிவிட முடியாது என்பது என் கருத்து. மறுநாள் காலை அவர்களை மீண்டும் அந்தக் கூடத்துக்கு இழுத்து வருவது எது என்று கேட்டால், கைதட்டல் என்ற விடையும் போதாது. ஏனென்றால் ஒரு குழுவில் இருக்கும் பெரும்பாலானோருக்குத் தனிக் கைதட்டல் என்பதே கிடையாது. அவர்களுடைய சந்தோஷங்கள் அந்த வேலைக்குள்ளேயே, நம் கண்ணில் படாத இடங்களில் இருக்கின்றன.

அவற்றில் முதலிடம் காலை வகுப்புக்கு. லண்டன், பாரிஸ், மாஸ்கோ, நியூயார்க் என்று எந்த ஊர்க் குழுவானாலும் நாள் தொடங்குவது ஏறக்குறைய ஒன்றரை மணி நேர வகுப்பில்தான். பள்ளிப் பயிற்சி முடித்து அப்போதுதான் குழுவில் சேர்ந்த பதினெட்டு வயதுப் பெண்ணும், சுவரொட்டியில் முகம் வரும் முதன்மைக் கலைஞரும் சுவரோரக் கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரே பயிற்சியைச் செய்வார்கள். முழங்காலை மடக்கி நிமிரும் ப்ளியே, பாதத்தைத் தரையோடு உரசி நீட்டும் தாந்து என்று மெல்லத் தொடங்கி, கட்டையை விட்டு நடுக்கூடத்துக்கு வந்து, சின்னத் தாவல்களைக் கடந்து, கூடத்தையே குறுக்காகத் தாண்டும் பெருந்தாவல்களில் முடிகிற அந்த வரிசை, அவர்கள் குழந்தைகளாக இருந்தபோது கற்ற அதே வரிசைதான்.

இத்தனை வருடங்களாக ஒரே முழங்கால் மடக்கலா என்று வெளியில் இருப்பவருக்குச் சலிப்புத் தட்டலாம். பயிற்சி மாறுவதில்லை, மாறுவது உடம்பு. நேற்றைய நிகழ்ச்சியின் களைப்பு இடது இடுப்பில் தங்கியிருக்கும். ஒரு வாரமாக இழுத்துக்கொண்டிருந்த கெண்டைக்கால் இன்று சொன்னபடி கேட்கும். எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு நாள் ஒற்றைக் காலில் எழுந்து நின்றால் நின்றபடியே நிற்க முடியும், சுழன்றால் மூன்று சுற்றுகள் தாமாக வந்து முடியும். பார்வையாளர் இல்லை, வேடம் இல்லை, அதைக் குறித்து வைப்பாரும் இல்லை. பக்கத்தில் நிற்கும் தோழி மட்டும் புருவத்தை உயர்த்திப் பார்ப்பாள். அன்றைய பொழுது முழுவதற்கும் அது போதும்.

அந்தக் கூடத்துக்கென்று எழுதாத சட்டங்களும் உண்டு. கைப்பிடிக் கட்டையில் அவரவருக்கு ஓர் இடம் இருக்கும். பெயர் எழுதி வைத்திருக்க மாட்டார்கள், ஆனால் புதிதாக வந்தவர் அறியாமல் அங்கே போய் நின்றால் ஒரு பார்வையிலேயே விஷயம் புரிந்துவிடும். பஞ்சு வைத்துத் தைத்த வெதுவெதுப்பான காலுறைகள், கிழிந்த கம்பளிச் சட்டை, உள்ளங்காலை உருட்டி இளக்க ஒரு பந்து என்று அவர்கள் வரும் கோலத்தைப் பார்த்தால் மாலையில் இவர்களா இளவரசிகள் என்று தோன்றும். வகுப்புக்கு உயிர் கொடுப்பவர் பியானோக் கலைஞர். பதிவு செய்த இசை அல்ல, நேரடி வாசிப்பு. மெதுவான ஒரு பயிற்சியின் நடுவே அவர் யாருக்கும் தெரிந்த ஒரு திரைப்படப் பாடலின் மெட்டை நயமாக நுழைத்துவிடுவார். முதலில் ஒருவர் உதட்டில் சிரிப்பு வரும், பிறகு கட்டை நெடுகிலும் அது பரவும். யாருக்காவது பிறந்தநாள் என்றால் தாந்துப் பயிற்சிக்கு வாழ்த்துப் பாட்டே தாளமாகிவிடும். வகுப்பு முடிந்ததும் ஆசிரியருக்கும் பியானோக் கலைஞருக்கும் எல்லாரும் கைதட்டுகிறார்கள். நாள் தவறாத அந்தக் கைதட்டலைக் காண விரும்புவோர், 2014 முதல் பல குழுக்கள் சேர்ந்து நடத்தும் உலக பாலே தின நேரலையில் காணலாம். மேடைத் துணுக்குகளைவிட அதில் வரும் வகுப்புக் காட்சிகளே எனக்கு அதிகம் பிடித்தவை.

இந்த வகுப்பு வெறும் கடமை அல்ல என்பதற்கு 2020ஆம் ஆண்டே சாட்சி. அரங்குகள் மூடப்பட்டன, ஆடுவதற்கு நிகழ்ச்சி இல்லை, எப்போது திறக்கும் என்றும் தெரியாது. ஆனாலும் சமையல் மேடையையும் நாற்காலி முதுகையும் பிடித்துக்கொண்டு அவர்கள் ப்ளியே செய்தார்கள். இங்கிலீஷ் நேஷனல் பாலேயின் அன்றைய இயக்குநர் தமாரா ரோஹோ தன் சமையலறையிலிருந்தே வகுப்பு எடுத்தார். வீட்டுத் தரையில் விரித்துக்கொள்ள வழுக்காத விரிப்புத் துண்டுகளைக் கலைஞர்களுக்கு அனுப்பிவைத்த குழுக்களும் உண்டு. பார்ப்பதற்கு ஒருவரும் இல்லாத காலத்தில் அவர்கள் கைவிடாதது மேடையின் எந்தப் பகுதியையும் அல்ல, இந்த வகுப்பைத்தான்.

அடுத்தது காலணி. நுனிக்கால் நடனத்துக்கான பாயின்ட் ஷூவின் முனையில் மரமோ இரும்போ இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். மரபான முறையில் செய்யப்படும் ஒன்றில் இருப்பது துணி, காகிதம், பசை, அதன்மேல் சாட்டின்; அவ்வளவுதான். 1929இல் லண்டனில் தொடங்கப்பட்ட ஃப்ரீட் நிறுவனத்தில் இன்றும் இதைக் கையால்தான் செய்கிறார்கள். அங்கே ஒவ்வொரு கைவினைஞருக்கும் ஒரு முத்திரை உண்டு. சாவி, மணி, மீன், எழுத்து என்று ஏதோ ஒன்று. தன் பாதத்துக்கு ஒத்துவரும் கை எதுவென்று கண்டுபிடித்துவிட்ட நடனக்காரி அதன்பின் அந்த முத்திரையை விடமாட்டாள். அவரை நேரில் கண்டிருக்கமாட்டாள், பெயர்கூடத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவர் ஓய்வுபெறப் போகிறார் என்ற செய்தி வந்தால் உடைமாற்றும் அறையில் இழவு வீட்டுக் களை வந்துவிடும். தொழிற்கூடத்தில் இருக்கும் ஒருவருக்கும் மேடையில் இருக்கும் ஒருவருக்கும் நடுவே ஒரு தோல் அடிப்பாகத்தின் வழியாக மட்டும் இருக்கும் இந்த உறவைப் போல வேறு எந்தக் கலையில் உண்டு என்று எனக்குத் தெரியவில்லை.

காலணி கைக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. நாடாவையும் எலாஸ்டிக்கையும் அவரவரே தைத்துக்கொள்ள வேண்டும். கணுக்காலில் நாடா எந்த இடத்தில் ஏற வேண்டும் என்பது ஒரு விரற்கடை தவறினாலும் தொல்லை என்பதால் அதை இன்னொருவரிடம் ஒப்படைக்க மாட்டார்கள். தையல் நூலுக்குப் பதில் பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் நூலைப் பயன்படுத்துவோர் ஏராளம், அது அறுவதில்லை. பிறகு உள்தட்டை வளைப்பார்கள், சிலர் முக்கால் பாகத்தோடு வெட்டிவிடுவார்கள்; அடிப்பாகத்தைச் சுரண்டுவார்கள்; குதிக்கும்போது டக்கென்று ஓசை வராமலிருக்க முனையைப் படிக்கட்டில் ஓங்கி அடிப்பார்கள்; சீக்கிரம் இளகிவிடும் இடத்தில் ஒட்டுப் பசையைச் சொட்டவிடுவார்கள். இத்தனையும் செய்த ஜோடி, முக்கியப் பாத்திரம் ஏற்பவருக்கு ஒரே இரவில் செத்துப்போகலாம். முழுநீள நிகழ்ச்சி ஒன்றுக்குள்ளேயே ஜோடி மாற்றுவோரும் உண்டு. ஆகவே இடைவேளையில், நடைக்கூடத் தரையில், பயணத்தின்போது ரயிலில் என்று எங்கே உட்கார்ந்தாலும் மடியில் காலணியும் ஊசியும் இருக்கும். இதைச் சுமை என்று சொல்லலாம். ஆனால் கால்களுக்கு ஓய்வும் கைகளுக்கு வேலையும் வாய்க்கு முழுச் சுதந்திரமும் கிடைக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் குழுவின் வம்பளப்பு முழுவதும் நடக்கிறது. எல்லாம் கூடிவந்து, போட்டவுடனே பாதத்தின் பகுதியாகிவிடும் ஒரு ஜோடி எப்போதாவது அமையும். அதை உடனே கழற்றி, பெரிய இரவுக்கென்று பொத்தி வைத்துக்கொள்வார்கள்.

இந்தக் காலணியைச் சுற்றி ஒரு கசப்பும் இருந்தது. சாட்டின் நிறம் எப்போதும் வெளிறிய இளஞ்சிவப்பு. கருப்பின, பழுப்பு நிறக் கலைஞர்கள் தங்கள் தோல் நிறத்துக்குப் பொருந்த ஒவ்வொரு ஜோடிக்கும் முகப்பூச்சை ஒற்றி ஒற்றி நிறம் ஏற்ற வேண்டியிருந்தது. கருப்பின, ஆசியக் கலைஞர்களுக்கான லண்டனின் பாலே பிளாக் குழுவுடன் சேர்ந்து ஃப்ரீட் நிறுவனம் பழுப்பு நிறக் காலணிகளை வெளியிட்டது 2018இல்தான். பெட்டியைத் திறந்தால் தன் நிறத்திலேயே காலணி இருப்பது பெரிய புரட்சி அல்ல என்று சிலர் சொன்னார்கள். வருடக்கணக்கில் பஞ்சும் பூச்சுமாக உட்கார்ந்திருந்தவரிடம் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

மதியத்துக்கு மேல் ஒத்திகைகள். அங்கே எனக்குப் பிடித்தது, முழு வேகத்தில் ஆடாமல் உடம்பைச் சேமித்துக்கொண்டு வரிசையை மட்டும் ஓட்டிப் பார்க்கும் பழக்கம். கால்கள் செய்ய வேண்டியதைக் கைகள் செய்துகாட்டும்: இரண்டு உள்ளங்கைகள் இரண்டு பாதங்களாகி, ஒன்றையொன்று கடந்து, ஆள்காட்டி விரலால் ஒரு சுழற்சி போட்டு இறங்கும். அதைக் கண்டு எதிரில் நிற்பவர் 'அடுத்தது வலது' என்று புரிந்துகொள்வார்.

மேடைக்கு வருவோம். 1895இல் நடன அமைப்பாளர்கள் பெத்திபாவும் இவானோவும் அமைத்த 'அன்ன ஏரி' (ஸ்வான் லேக்) பாலேதான் இன்று நாம் பார்க்கும் பெரும்பாலான வடிவங்களுக்கு மூலம். அதில் நாயகியாக வந்த பியெரினா லெஞ்ஞானி ஆடிக் காட்டிய 32 ஒற்றைக்கால் சுழற்சிகளைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். அன்னங்களாக வரும், கோர் த பாலே எனப்படும் கூட்டத்தாரின் பாடு வேறு. நாயகனும் நாயகியும் இணைந்தாடும் நீண்ட பகுதி முழுவதும், மேடையின் இருபுறமும் வரிசை கட்டி, ஒரு காலைப் பின்னே ஊன்றி, தலை சாய்த்து அவர்கள் அசையாமல் நிற்க வேண்டும். மூக்கு அரிக்கும், சொரியக்கூடாது. பாதத்தின் வளைவில் தசைப்பிடிப்பு ஏறும், காலை உதறக்கூடாது. ஓடிக்கொண்டேயிருப்பதைவிட இந்த நிற்றல்தான் கடினம் என்று அவர்களில் பலர் சொல்வதுண்டு. அந்தச் சிலைகளுக்கு நடுவே உதடு அசையாத பேச்சு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்: 'பிடித்துக்கொண்டது', 'இன்னும் எட்டு தாளம்', 'உன் இறகு தொங்குகிறது'. பார்வையாளர் துயரத்தில் ஆழ்ந்திருக்கும் கணத்தில் மூன்றாம் வரிசையில் ஒரு அன்னம் சிரிப்பை அடக்கப் படும் பாட்டை நினைத்தால் எனக்கு அந்தக் காட்சியின் மீது மதிப்புக் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

பிறகு இசை மாறும். எல்லாரும் ஒரே கணத்தில் அசைவார்கள். கண்ணாடி கிடையாது, பக்கத்திலிருப்பவரைத் திரும்பிப் பார்க்கவும் முடியாது. ஓரக்கண்ணாலும், முன்னால் நிற்பவரின் தோள் ஏறி இறங்கும் மூச்சாலும்தான் அந்த ஒற்றுமை வருகிறது. தனி ஆட்டக்காரருக்கு வாய்க்காத இன்பம் இது. கூட்டத்தில் ஆடுவதை மேலே போக முடியாதவர்களின் இடமாகப் பார்க்கும் பழக்கம் ரசிகர்களிடமும் இருக்கிறது. அது அறியாமை.

டிசம்பர் மாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1892இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறிய கிறிஸ்துமஸ் கதையான 'நட்கிராக்கர்' பாலே இன்று பல குழுக்களின் கஜானாவை நிரப்புவது. நியூயார்க் சிட்டி பாலே 1954 முதல் ஆடிவரும், நடன அமைப்பாளர் பாலன்சினின் வடிவத்தில் பனித்துகள்களாக வருவோர் 16 பேர். காகிதப் பனி மேலிருந்து கொட்டக் கொட்ட அவர்கள் ஓட வேண்டும். அது வாயில் போகும், இமையில் ஒட்டும், காலடியில் வழுக்கும். கீழே விழுந்ததைப் பெருக்கி, கொண்டை ஊசிகளைப் பொறுக்கியெடுத்துவிட்டு, அடுத்த நிகழ்ச்சிக்கு அதே பனிதான். ஒரே இசையைப் பருவம் முழுவதும் கேட்டுச் சலித்தவர்கள், திரை மறைவில் நின்று வாய்பிளந்து பார்க்கும் பாலே பள்ளிக் குழந்தைகளைக் கண்டதும் கொஞ்சம் கூடுதல் உயரம் குதிப்பார்கள். அவர்களில் பலர் அதே இடத்தில் அதே வயதில் நின்றவர்கள்.

உடைகளுக்குள்ளும் ஒரு சரித்திரம் இருக்கிறது. ஒரு உடை பல வருடங்கள் ஓடும் என்பதால், உட்பக்கத்தில் அதை அணிந்தவர்களின் பெயர்ப்பட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தைக்கப்பட்டிருக்கும். புதிதாக வந்த பெண், கொக்கி மாட்டுவதற்கு முன் தான் சிறுவயதில் போற்றிய கலைஞரின் பெயரை அங்கே படிக்கிறாள். அடுத்த பட்டை அவளுடையது.

இவ்வளவு சந்தோஷம் இருக்கிறதென்றால் சம்பளம் எதற்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். வலியைக் கொண்டாடுவோரும் காதலைக் கொண்டாடுவோரும் இந்த ஒரு இடத்தில் ஒன்றுசேர்ந்துவிடுகிறார்கள்: தியாகமாக இருந்தாலும் தவமாக இருந்தாலும் அதற்குக் கூலி கேட்பது அழகல்ல என்று. அமெரிக்கக் குழுக்கள் பலவற்றில் ஒப்பந்தம் வருடம் முழுவதற்கும் கிடையாது. பருவம் முடிந்தால் வருமானமும் நின்றுவிடும். பாரிஸ் ஓபராவின் கலைஞர்களுக்கு 42 வயதில் ஓய்வு. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி காலத்தில், 1698இல் ஏற்பட்ட ஓய்வூதிய ஏற்பாட்டின் வழிவந்த உரிமை அது. அரசின் ஓய்வூதியச் சீர்திருத்தத்தில் அது பறிபோகும் என்ற நிலை வந்தபோது அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 2019 டிசம்பர் 24 அன்று, தங்கள் அரங்கமான கார்னியே மாளிகையின் வெளிப்படிக்கட்டில், குளிரில், வாத்தியக் குழுவோடு 'அன்ன ஏரி'யின் ஒரு பகுதியை ஆடிக்காட்டினார்கள். ஆட்டத்தை நேசிப்பதும் ஓய்வூதியத்துக்காகப் போராடுவதும் ஒன்றுக்கொன்று முரண் என்று அவர்களில் யாருக்கும் தோன்றவில்லை. வெளியில் இருக்கும் நமக்குத்தான் தோன்றுகிறது. பிரிட்டனில், ஆடி ஓய்ந்த கலைஞர்கள் வேறு தொழில் கற்றுக்கொள்ள உதவும் நிதியம் ஒன்று 1973 முதல் இருக்கிறது. ஆட்டக்காரராக இருந்து பிசியோதெரபி படித்தவர், எந்தக் கணுக்கால் எந்தத் தாவலில் என்ன பாடுபடும் என்பதைப் பாடப்புத்தகத்தைப் பார்க்காமலே சொல்வார். இப்படிப்பட்டவர்களுக்குக் குழுக்கள் நல்ல சம்பளம் கொடுத்து வேலை தரவேண்டும்.