தூங்குமூஞ்சி மரத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நடந்தது நம் பேட்ச்சுக்கு எல்லாம் தெரியும். அந்த ஒற்றை வரியைக் கேட்டு நாலு பேர் சிரித்ததும் தெரியும். அன்றைக்கே பதில் சொல்லியிருக்க வேண்டும், நாக்கு எழவில்லை. மூன்று நாள் ஆகியும் ஆறவில்லை, எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். நேரமில்லாதவர்கள் போய் மரத்தை வெட்டலாம்.

நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்? பள்ளி மைதானத்து ஓரத்தில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை வெட்டி வண்டி நிறுத்த இடம் பண்ணுவதற்கு நம் பேட்ச் பெயரில் பணம் தரக் கூடாது என்றேன். அவ்வளவுதான். அதற்கு வந்த பதில்: "உனக்கென்னம்மா, நீ உன் சொந்த நாட்டுக்கே போயிட்ட. எங்க ஊர் மரத்தைப் பத்தி நீ ஏன் கவலைப்படற?"

எங்க ஊர். உன் நாடு. எவ்வளவு சுத்தமாகப் பிரித்துவிட்டான்!

நான் பெரம்பூர் ரயில்வே காலனியில் வளர்ந்தவள். அப்பாவுக்கு ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. வீட்டுக்குள் மராத்தி, வாசலைத் தாண்டினால் தமிழ். எங்களைப் போன்றவர்களுக்கு பெனே இஸ்ரேல் என்று பெயர். கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்த யூதர்கள். சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவதால் அங்கே எங்களை 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள் என்பார்கள். இதையெல்லாம் ஆறாம் வகுப்பில் உங்களுக்கு விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்தது. "ஜைனரா?" என்றீர்கள். "சனிக்கிழமை சபையா, அப்போ கிறிஸ்டின்தானே?" என்றீர்கள். படிவத்தில் எங்களுக்குக் கட்டம் இல்லாததால் வகுப்பாசிரியர் ஒரு வருடம் 'கிறிஸ்தவர்', மறு வருடம் 'இதர' என்று போட்டார். அப்போதெல்லாம் யாரும் "உன் நாடு" என்று சொல்லவில்லை. 2019இல் நான் இஸ்ரேலில் உள்ள பீர்ஷெபாவுக்குக் குடிவந்த பிறகுதான் எனக்கு ஒரு சொந்த நாடு இருப்பது உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

ஒரு நாடு என்னை வா என்று கூப்பிட்டதால் இன்னொரு ஊர் என் ஊர் இல்லை என்று ஆகிவிடாது. இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப் போகிறேன். வேறு விஷயத்துக்குப் போனாலும் திரும்பி இங்கேதான் வருவேன்.

சரி, அந்தச் 'சொந்த நாடு' எப்படி இருக்கிறது என்று கேட்கவாவது செய்தீர்களா? நானே சொல்கிறேன். வந்த முதல் மாதம், பேருந்தில் பக்கத்து சீட் பாட்டி சிரித்த முகமாக "யாரைப் பார்த்துக்கொள்கிறாய்?" என்று கேட்டார். என் அரைகுறை ஹீப்ருவில் யாரைத் தேடுகிறாய் என்று கேட்கிறார் போல என நினைத்து, "யாரையும் இல்லை, பஸ் ஸ்டாப்பைத்தான்" என்றேன். பிறகுதான் புரிந்தது. மாநிறத்தில் ஒரு இந்தியப் பெண் என்றால் வயதானவர்களைப் பராமரிக்க விசாவில் வந்தவள் என்று அவருக்கு நினைப்பு. கேரளத்திலிருந்து அப்படி வந்திருக்கிற பெண்கள் இங்கே நிறைய. அது கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை. எனக்குக் கறிவேப்பிலை வந்து சேருவதே அவர்களில் இரண்டு பேர் புண்ணியத்தில்தான். ஆனால் "நான் யூதப் பெண், குடியேறி வந்திருக்கிறேன்" என்றதும் பாட்டி அடுத்ததாகக் கேட்டது: "அப்படியா? எப்போது மதம் மாறினாய்?"

எங்கள் கதைப்படி, ஏறக்குறைய 2000 வருடங்களுக்கு முன்னால் கொங்கணத்து நவ்காவ் கரையில் கப்பல் உடைந்து ஏழு ஜோடிகள் தப்பி ஒதுங்கினார்கள். ஏட்டுச்சுவடி எல்லாம் கடலோடு போயிற்று. மிச்சம் இருந்தது ஷெமா என்கிற ஒரு பிரார்த்தனையும் ஓய்வுநாளும் சாப்பாட்டு விதிகளும். அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்களின் பேத்தியைத்தான் எப்போது மாறினாய் என்று கேட்கிறார்கள்.

இன்னொரு வகை உண்டு. பட்டாள சேவை முடிந்ததும் ஆறு மாதம் கசோல், கோவா, ரிஷிகேஷ் என்று சுற்றிவிட்டு வந்த பையன்கள். என் வேலையிடத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள். இந்தியா எவ்வளவு அமைதியான, நிதானமான நாடு என்று எனக்கே விளக்குவார்கள். தம்பி, சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோட்டில் நின்றிருக்கிறாயா?

இதெல்லாம் எனக்கு மட்டும் நடந்ததும் இல்லை, இன்றைக்கு நடந்ததும் இல்லை. 1950களின் தொடக்கத்தில் இங்கே வந்த எங்கள் ஆட்களில் ஒரு கூட்டம், நிறம் பார்த்து நடத்துகிறார்கள், எங்களை இந்தியாவுக்கே அனுப்புங்கள் என்று உட்கார்ந்து போராடித் திரும்பிப் போனது. போனவர்களில் பலர் மறுபடி இங்கேயே வந்தார்கள் என்பதும் உண்மை. இரண்டு பக்கமும் கால் நிற்கவில்லை, பாவம். பிறகு 1962இல் இங்குள்ள தலைமை ரப்பிகளின் (யூத மதகுருக்களின்) மன்றம், பெனே இஸ்ரேல் ஆட்களைக் கல்யாணம் பண்ணுவதற்கு முன் பாட்டி, பூட்டி வரை பூர்வீகம் விசாரியுங்கள் என்று உத்தரவு போட்டது. எருசலேமில் பெரிய போராட்டம் நடந்தது. 1964 ஆகஸ்டில் நாடாளுமன்றமே கூடி இவர்கள் எல்லா வகையிலும் யூதர்கள்தான் என்று தீர்மானம் போட வேண்டியிருந்தது. யோசித்துப் பாருங்கள், நான் யார் என்று ஓட்டெடுப்பு நடத்தியிருக்கிறார்கள்!

இப்போது அந்த விதி இல்லை. ஆனால் போன வருடம் என் சித்தப்பா மகள் கல்யாணத்தைப் பதியப் போனபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மும்பை பக்கத்துத் தானேயில் நடந்த ஆஜியின், அதாவது எங்கள் பாட்டியின், கல்யாண ஒப்பந்தத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கள்ள நோட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இந்தியாவில் இருந்தா..." என்று இழுத்தார். அந்த 'தா'வின் நீளம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆக இங்கே நான் ஹோடித், இந்தியாக்காரி. அங்கே நான் இஸ்ரேல்காரி. கேட்டால் இரண்டு பக்கமும் "விளையாட்டுக்குச் சொன்னோம்".

நம் தமிழ் மாமாக்கள் ஒருவர் விடாமல் எனக்கு ஒரு தகவலை அனுப்புவார்கள். ஹீப்ரு வேதத்தில் வரும் 'தூக்கி' நம் 'தோகை'தான், சாலமன் அரசனுக்குத் தமிழ்நாட்டு மயில் போனது என்று. அறிஞர்களும் சொல்கிற விஷயம்தான், நானும் ஒத்துக்கொள்கிறேன் (இன்றைய ஹீப்ருவில் தூக்கி என்றால் கிளி, அது வேறு கூத்து). ஆனால் ஒன்று கேட்கிறேன். சாலமன் காலத்தில் கப்பலேறிப் போன மயில் இன்னும் நம்ம ஊர் மயில். 2019இல் விமானம் ஏறிப் போன நான் வெளியூர்க்காரியா?

அடுத்து, "குடியுரிமையையே விட்டுக் கொடுத்துட்டியே" என்று ஒருவர் வருவார். ஆமாம், விட்டேன். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. என்னிடம் இருப்பது வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை. பெயரிலேயே ஓசி இருப்பதால் உங்களுக்கு இளக்காரமாக இருக்கலாம். அதை வைத்து ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. ஒப்புக்கொள்கிறேன். நான் ஓட்டும் கேட்கவில்லை, நிலமும் கேட்கவில்லை. ஒரு மரத்தை விட்டுவையுங்கள் என்றேன்.

அப்புறம் அந்தப் பெரிய கேள்வி. "அடுத்தவன் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு நீ மரத்துக்கு அழுகிறாயா? பாலஸ்தீனத்துக்கு ஏன் அழவில்லை?" ஞாயிற்றுக்கிழமை இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அந்தச் சிரிப்பில் அதுவும் இருந்தது. கேள்வி தப்பு என்று சொல்ல மாட்டேன். பீர்ஷெபா பழைய நகரத்தில் 1906இல் துருக்கியர்கள் கட்டிய பெரிய மசூதி இருக்கிறது. இன்றைக்கு அது அருங்காட்சியகம். 1948 அக்டோபரில் இஸ்ரேல் இந்த ஊரைப் பிடிக்கும் வரை அங்கே தொழுதவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கே என்று எனக்குத் தெரியும். வாரத்துக்கு இரண்டு முறை அதைத் தாண்டித்தான் நடக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு நடப்பதில்லை. அவர்களுக்கும் இது பூர்வீகம்தான், அதுவும் 2000 வருடக் கதை இல்லை, விட்டுப்போன வீட்டுச் சாவியைத் தாத்தா வைத்திருக்கும் பூர்வீகம். காசாவில் செத்த குழந்தைகளின் படத்தைப் பார்த்து எனக்குத் தூக்கம் போகவில்லை என்று நினைத்தால், நீங்கள் என்னோடு எட்டு வருடம் படித்ததற்கு அர்த்தமே இல்லை. ஆனால் வாயைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் முதலில் இதற்குச் சான்றிதழ் காட்டிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும் என்றால், அதுவும் அந்த மேசைக்காரர் ஒப்பந்தத்தைத் தூக்கிப் பிடித்த மாதிரிதான். இந்த இடத்தில் என் பதில் நொண்டுகிறது என்று எனக்கே தெரிகிறது. நொண்டட்டும்.

எனக்கும் இங்கே சைரன் ஊதும். காசா பக்கமிருந்து ராக்கெட் என்றால் பீர்ஷெபாவுக்குக் கிடைப்பது ஒரு நிமிடம். நான் இருப்பது பழைய கட்டடம், வீட்டுக்குள் பாதுகாப்பு அறை கிடையாது, மூன்று மாடி இறங்கி ஓட வேண்டும். முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டபோது பாதித் தூக்கத்தில் எனக்குத் தோன்றியது: ஒர்க்‌ஷாப் சங்கு ஊதிவிட்டது, பப்பாவுக்கு டிபன் கட்டவில்லையே. பெரம்பூர்க்காரர்களுக்கு இது புரியும். கீழே ஒதுங்குமிடத்தில் பல் செட் இல்லாமல் உட்கார்ந்திருந்த ருமேனியத் தாத்தாவுக்கு நான் ஏன் சிரித்தேன் என்று புரியவில்லை. 2025 ஜூனில் ஈரான் ஏவுகணை சொரோகா மருத்துவமனை மேல் விழுந்ததே, அப்போது நம் குழுவிலிருந்து எனக்கு வந்த விசாரிப்புகள் இரண்டு. சரி விடுங்கள், இதைக் கணக்குப் பார்க்க நான் உட்காரவில்லை. பார்த்துவிட்டேன், மன்னிக்கவும்.

"இவ்வளவு புலம்புகிறவள் ஏன் போனாய்?" இதற்கு மட்டும் ஒழுங்காகப் பதில் சொல்கிறேன்.

நாம் ஒன்பதாவது படிக்கும்போது ஆஜோபா, எங்கள் தாத்தா, இறந்தார். அடக்கம் தானேயில் முடிந்தது. பப்பாவுக்கு லீவு இல்லை. துக்கத்தின் ஏழு நாளில் மிச்சத்தைப் பெரம்பூர் வீட்டில்தான் இருந்தோம். காதிஷ் என்கிற பிரார்த்தனையைச் சொல்லப் பத்து ஆண்கள் வேண்டும். வீட்டில் இருந்தது பப்பாவும் பதிமூன்று தாண்டியிருந்த அண்ணனும். பவளக்காரத் தெருவுக்குப் பெயர் வரும் அளவுக்கு ஒரு காலத்தில் பவள வியாபாரம் பண்ணிய யூதர்கள் இருந்த சென்னையில், அன்றைக்குப் பப்பா போன் போட்டு எட்டுப் பேரைத் தேற்ற முடியவில்லை. விஷயம் எப்படியோ காலனிக்குத் தெரிந்தது. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து எட்டுப் பேர் வந்தார்கள். தலையை மூட வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், ஒவ்வொருவரும் கர்சீப்பை நாலு முனையிலும் முடிச்சுப் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஒருவர் நெற்றியில் விபூதி அப்படியே இருந்தது. விதிப்படி அந்த எட்டுப் பேரும் கணக்கில் சேர மாட்டார்கள். பப்பாவுக்குத் தெரியும். ஒரு நிமிடம் அவர்களைப் பார்த்தார். பிறகு காதிஷைச் சொன்னார். எங்கே ஆமென் சொல்ல வேண்டும் என்று அண்ணன் கை காட்டினான், எட்டுப் பேரும் சொன்னார்கள்.

அன்றைக்கு ராத்திரி பப்பா அம்மாவிடம், "எனக்கு ஒன்று ஆனால் பையன் எங்கே போய்ப் பத்துப் பேரைத் தேடுவான்?" என்றார். நாங்கள் இங்கே வந்ததற்குக் காரணம் அந்த ஒரு வரிதான். கடவுள் வாக்களித்த மண் என்பதெல்லாம் ஆஜி சொல்வது. இங்கே ஐந்து நிமிடத்தில் பத்துப் பேர் சேர்ந்துவிடுவார்கள், ஒருவருக்கும் ஆஜோபாவின் பெயர் தெரியாது.

அந்த எட்டுப் பேரில் ஐசிஎஃப் சட்டையோடு ஓரத்தில் நின்றவர் யார் தெரியுமா? "உன் சொந்த நாடு" என்று சொன்னானே, அவனுடைய அப்பா.

அவனுக்கு இது ஞாபகம் இல்லாமல் இருக்கலாம். சனிக்கிழமை எங்கள் ஓய்வுநாள், அதனால் சிறப்பு வகுப்பில் நான் எழுத மாட்டேன் என்று அடம் பிடித்தபோது, தன் நோட்டுக்கு அடியில் கார்பன் தாள் வைத்து எழுதி, ஞாயிற்றுக்கிழமை அந்தத் தூங்குமூஞ்சி மரத்தடியில் வந்து எனக்குக் கொடுத்தது அவன்தான். ஒரு வருடம் முழுக்க. நீல எழுத்து, அங்கங்கே கறை, மரத்துக் காய் பிசுபிசுத்து ஒட்டிய பக்கங்கள். இங்கே கிளம்பும்போது பெட்டியில் எடை கூடிப்போய் இட்லித் தட்டை எடுத்து வெளியே வைத்தேன், அந்தக் கணக்கு நோட்டை வைக்கவில்லை. இப்போதும் அலமாரியில் இருக்கிறது. வேண்டுமானால் படம் எடுத்துப் போடுகிறேன், அவன் கையெழுத்து அவனுக்கே தெரியும்.

என்னைக் குழுவிலிருந்து எடுக்க வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தை வெட்டியாயிற்றா இல்லையா, அதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.